கப்பலா, தரைவழியா: தாத்தா போன பாதையில் பினாங்குக்குப் போக விரும்பும் குடும்பத்துக்கு

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மே மாத விடுமுறையில் உங்களுக்கு எட்டு இரவுகள் இருக்கின்றன. நீங்கள், உங்கள் மனைவி, பத்து வயது மகன், முழங்கால் வலியுள்ள 72 வயதுத் தந்தையார், சுத்த சைவமான தாயார் என ஐந்து பேர். சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் வழியாகத் திரும்பி வரும் நான்கு இரவுக் கப்பல் சுற்றுலாவை எடுப்பது ஒரு திட்டம். மலேசியாவுக்குள் ரயிலிலும் வாடகைக் காரிலும் நீங்களாகவே சுற்றுவது மற்றொன்று. மொத்தச் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது என்கிறீர்கள். உங்கள் தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்றும், "அப்பா போன வழியில் ஒரு முறையாவது கப்பலில் போக வேண்டும்" என்று உங்கள் தந்தையார் ஆசைப்படுகிறார் என்றும் கடைசியில் எழுதியிருந்தீர்கள். என் பதில் பெரும்பாலும் இந்தக் கடைசி வரியைச் சுற்றியே அமையும். மற்றவை வசதி குறித்த கேள்விகள். அவற்றுக்கு எப்படியும் வழி செய்துகொள்ளலாம்.

இரண்டு வகையிலும் நான் பயணம் செய்திருக்கிறேன். கப்பல் சுற்றுலாவைத் தாழ்வாகப் பேசுகிறவன் அல்லன். ஆனால் இவ்விரண்டையும் விலையை வைத்து ஒப்பிடுவது பயன் தராது என்பது என் உறுதியான கருத்து. நான் முதலில் கணக்கிடுவது கரையில் கிடைக்கும் மணி நேரத்தை. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். கப்பல் முதல் நாள் மாலை 5 மணிக்குச் சிங்கப்பூரை விட்டுப் புறப்படுகிறது. ஐந்தாம் நாள் காலை 7 மணிக்குத் திரும்புகிறது. ஆக மொத்தம் 86 மணி நேரம். அதில் பினாங்கில் நிற்பது பிற்பகல் 1 முதல் இரவு 9 வரை. புக்கெட்டில் காலை 9 முதல் மாலை 7 வரை. காகிதத்தில் இது பதினெட்டு மணி நேரம். ஆனால் கப்பல் துறையை அடைந்தவுடன் யாரும் இறங்கிவிட முடியாது. குடிநுழைவு அனுமதி கிடைத்து, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நகர்ந்து, நீங்கள் வெளியே வரக் குறைந்தது ஒரு மணி நேரமாகும். புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். முதியவரோடு போகிறவர்கள் அதற்கும் முன்பே திரும்புவதுதான் உசிதம். இவற்றைக் கழித்தால் பினாங்குக்கு ஆறு மணி நேரமும், புக்கெட்டுக்குப் படகுப் போக்குவரத்தையும் சேர்த்துக் கழித்து ஏழு மணி நேரமும் மிஞ்சும். 86 மணி நேரத்தில் கரையில் 13 மணி நேரம், மீதமெல்லாம் கப்பலில்.

கப்பலையே விரும்பிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரே அறையில் ஒரு முறை பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, உணவைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் யோசிக்காமல், பேரன் நீச்சல் குளத்திலும் தாத்தா நிழல் நாற்காலியிலும் இருக்க, எல்லாரும் இரவு ஒரே மேசையில் கூடிச் சாப்பிடும் நான்கு நாட்கள் எளிதில் அமைவதில்லை. வேறு வேறு ஊர்களில் வாழும் அண்ணன் தம்பிகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகக் கூடுவதற்கு விடுதியைவிடக் கப்பலே மேல் என்று பலருக்கும் நானே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட கூடலில் இடம் இரண்டாம்பட்சம்தான். உங்கள் கேள்வியில் அப்படி இல்லை. பினாங்கு, சுங்கை சிப்புட், பத்துமலை என்று நீங்கள் இடங்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றில் கப்பல் தொடுவது ஒன்றை மட்டுமே, அதுவும் ஆறு மணி நேரத்துக்கு.

இனி உங்கள் தந்தையாரின் ஆசைக்கு வருகிறேன். ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக ஓடிய கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வங்கக் கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை போய் வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமைத்தான் இப்போது கிள்ளான் துறைமுகம் என்கிறோம். தோட்டங்களுக்குப் போனவர்கள் பெரும்பாலும் அறை இல்லாத மேல்தளப் பயணிகள். பாயை விரித்த இடமே அவர்களுக்கு இடம். வேலைக்காகச் செலவு கொடுத்து அழைத்துச் செல்லப்பட்ட கூலித் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. ஆக உங்கள் தாத்தா அந்த அலையின் கடைசி ஆட்களில் ஒருவர். இப்போது சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பல் வங்கக் கடலைக் கடப்பதில்லை. மலாக்கா நீரிணைக்குள் வடக்கு நோக்கிச் சென்று அந்தமான் கடலின் ஓரத்தைத் தொட்டுத் திரும்புகிறது. தாத்தாவின் கப்பல் பினாங்கில் ஆட்களை இறக்கிவிட்டுத் தெற்கே சிங்கப்பூருக்குத் தொடர்ந்த அந்தப் பகுதியை மட்டும், எதிர்த்திசையில், இன்றைய கப்பல் கடக்கிறது. உங்கள் தாத்தா பினாங்கிலேயே இறங்கிவிட்டதால் அந்தப் பகுதியைக் கடலில் அவர் பார்த்திருக்கவே மாட்டார். கப்பலில் போனால் கடலை அனுபவிக்கலாம், அது உண்மை. ஆனால் அது தாத்தா போன கடல்வழி அல்ல. உங்கள் தந்தையாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஆசையோடு ஏறிவிட்டு, நடுவழியில் யாரோ சொல்லி இதை அவர் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது.

தாத்தா போன வழிக்கு இரண்டாவது பாகம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பினாங்குக்கு வந்த தொழிலாளர்கள் தீவின் கிழக்கே இருக்கும் ஜெரெஜாக் என்ற சிறு தீவில் நோய்த் தடுப்புக்காகச் சில நாட்கள் தங்க வைக்கப்பட்டார்கள். அதன் பிறகு பேராக் தோட்டங்களுக்குப் போக வேண்டியவர்கள் படகில் எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரை அடைந்து அங்கே ரயிலேறினார்கள். பட்டர்வொர்த் நிலையம் 1967இல் வருவதற்கு முன்பு வடக்கு ரயில் பாதையின் கடற்கரை நிலையம் பிறைதான். அங்கிருந்து தெற்கே போகும் பாதை புக்கிட் மேரா ஏரியைக் கடந்து, தைப்பிங், பாடாங் ரெங்காஸ், கோலகங்சார் வழியாகச் சுங்கை சிப்புட்டையும் ஈப்போவையும் தொடுகிறது. அதே தடத்தில்தான் இன்றைய மின்சார ரயிலும் ஓடுகிறது. இரட்டைப் பாதை போட்டபோது பல வளைவுகளை நிமிர்த்திவிட்டார்கள். பெராப்பிட் மலையில் பழைய சிறு குகைப்பாதைகளுக்குப் பதிலாக மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள புதிய குகைப்பாதை வந்திருக்கிறது. ஏரியின் மேல் நீண்ட பாலத்தில் ரயில் போகிறது. ஊர்களின் வரிசை மட்டும் மாறவில்லை. உங்கள் தாத்தா ஜன்னலோரம் நின்று பார்த்த அதே மலைகளை, அதே வரிசையில், உங்கள் தந்தையார் இன்றும் பார்க்க முடியும். அப்பா போன வழி என்று அவர் சொல்வதில் இன்றைக்கு முழுசாக மிஞ்சியிருப்பது இந்த ரயில் பாதைதான். கப்பல் திட்டத்தில் இது அறவே இல்லை. நான் தரைவழிப் பயணத்தைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தரைவழித் திட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். சிங்கப்பூரில் தொடங்கித் தரைவழியாக வடக்கே ஏறுவது என்கிறீர்கள். சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் பாலத்தில் விடுமுறை நாட்களிலும் வார இறுதியிலும் சாலை நெரிசல் மணிக்கணக்கில் நீளும். எல்லா மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு இரண்டு குடிநுழைவுச் சாவடிகளில் பேருந்தை விட்டு இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்கு இந்தப் பயணத்தில் மிகக் கடினமான கட்டம் அதுதான். கூடவே, சிங்கப்பூருக்கு இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் விசா எடுக்க வேண்டும். மலேசியாவுக்கோ 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. அந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வந்து சேர்வதற்கு முன்னுள்ள மூன்று நாட்களுக்குள் மலேசியாவின் இணைய வருகை அட்டையை ஒவ்வொருவருக்கும் நிரப்பிவிட்டால் போதும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரை இந்த முறை விட்டுவிடச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த நகரம் எங்கும் போய்விடாது. 72 வயதில் முழங்கால் வலியோடு ஒருவருக்குச் சுங்கை சிப்புட் காத்திருக்காது.

எனவே சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூரில் வந்திறங்கி, அன்றே உள்நாட்டு விமானத்தில் பினாங்குக்குச் சென்றுவிடுங்கள். மூன்று இரவு பினாங்கு, இரண்டு இரவு ஈப்போ, மூன்று இரவு கோலாலம்பூர். அங்கிருந்து நேரே ஊருக்கு. இப்படி வடக்கிலிருந்து தெற்காக இறங்கினால்தான் தாத்தா போன திசையிலேயே போவீர்கள். விடுதி இரண்டு முறைதான் மாறும். ஒரு நாளில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டியிருக்காது. பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டே கால் முதல் இரண்டரை மணி நேரம்.

பினாங்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கப்பல் தரும் ஆறு மணி நேரத்துக்கும் நான் சொல்லும் மூன்று நாளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். கப்பலுக்குச் சாதகமான ஒன்றை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் கோலாலம்பூரைப் பார்க்கப் போக வர இரண்டு மூன்று மணி நேரத்தைச் சாலையிலேயே இழக்கிறார்கள். பினாங்கில் கப்பல் நிற்கும் துறைக்கும் சுவெட்டன்ஹாம் என்றே பெயர், ஆனால் இது வேறு; பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் சற்று நேரத்தில் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், அதற்கு அருகே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் வந்துவிடும். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய பகுதி இது. அவசரமாகப் பார்க்க ஆறு மணி நேரம் போதும் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஆனால் பிற்பகல் 2 மணிக்கு, மே மாத வெயிலில், 72 வயதானவரோடு அந்தத் தெருக்களில் நடப்பது நன்றாக இருக்காது. அந்த ஊருக்குக் காலையும் அந்தியுமே உரியவை. தங்கியிருந்தால் காலை ஏழு மணிக்குத் தோசைக் கடையில் உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மாலையில் பினாங்கு மலைக்கு இழுவை ரயிலில் ஏறலாம். தெருவோரக் கடைகளின் முகப்பில் 'அஞ்சடி' என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறும். இடையிடையே படியும் சாக்கடையும் வரும். முழங்காலுக்கு அது ஆகாது. அங்கே நடையைக் குறைத்து, செயலி வழியாக வாடகைக் காரை அழைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளில் ஒரு நாளைக் கடாரத்துக்கு ஒதுக்குங்கள். இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம்தான் இன்றைய கெடா மாநிலம். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார் பயணத்தில், ஜெராய் மலையின் அடியில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பகுதியில் தோண்டியெடுத்த பழங்கோயில்களின் அடித்தளங்களை அங்கே மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் கடலிலிருந்து வெகுதூரத்துக்குத் தெரிவது. இந்தக் கரைக்கு வந்த மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். உங்கள் தாத்தாவின் கப்பலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் பினாங்கை நெருங்கியிருக்கும். பத்து வயதுப் பையன் பாடப் புத்தகத்தில் கடாரம் கொண்டான் என்று படிக்கப் போகிற வயது இது. ஒரு முறை அந்த மலையைக் காட்டிவிட்டால் அந்தப் பெயர் அவனுக்கு வெறும் பட்டமாக இருக்காது. கப்பலில் வருகிறவர்கள் இதற்கு முயலவே கூடாது. பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் நெரிசல் ஏற்பட்டுத் திரும்பி வரத் தாமதமானால், சொந்த ஏற்பாட்டில் வெளியே போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் போனால் காத்திருக்கும். ஆனால் அதன் விலை கூடுதல், இடங்களும் அவர்கள் தேர்ந்தவை.

நான்காம் நாள் காலை ஜோர்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பாலத்தில் காரில் போகாதீர்கள், பெர்ரியில் போங்கள். கால் மணி நேரப் பயணம், மிகச் சிறிய கட்டணம். எதிர்க்கரையில் பெர்ரித் துறையும் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன, மின்தூக்கியும் உண்டு. உங்கள் தாத்தா தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கடந்த அதே கால்வாய் இது. கடலில் போக வேண்டும் என்ற உங்கள் தந்தையாரின் ஆசைக்கு இந்தக் கால் மணி நேரம் மிகச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நான்கு இரவுக் கப்பல் கடக்கும் நீரில் உங்கள் தாத்தாவின் பயணத்தோடு சேர்வது எவ்வளவு என்று பார்த்தால், இந்தக் கால் மணிக்கு அது ஈடாகாது.

சுங்கை சிப்புட்டுக்கு ஈப்போவிலிருந்து ஒரு நாள் முழுவதற்கும் காரையும் தமிழ் பேசும் ஓட்டுநரையும் அமர்த்திக்கொள்ளுங்கள். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் தோட்டத்தைத் தேடுவதற்கு நேரம் வேண்டும், விசாரிப்பதற்குப் பொறுமை வேண்டும். ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி இப்போது பாமாயில் தரும் செம்பனைத் தோட்டமாக மாறிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தது அந்த நெருக்கடியில்தான். தாத்தா இருந்த லயம் என்ற வரிசை வீடுகள் இன்று நிற்குமா என்பதில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். கோயில் நிற்கலாம், தோட்டத் தமிழ்ப் பள்ளி பெயரை மட்டும் காத்துக்கொண்டு வேறிடத்துக்கு மாறியிருக்கலாம். இப்படித் தேடிப் போகும் ஒரு நாளை எந்தக் கப்பல் அட்டவணையிலும் பொருத்த முடியாது.

கோலாலம்பூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்துமலைக்கு நகரின் நடு நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமியூட்டர் என்ற புறநகர் ரயில் கோயில் வாசலுக்கே போகிறது. 272 படிகளை உங்கள் தந்தையார் ஏற வேண்டாம். 2006இல் நிறுவிய 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் கீழேயுள்ள சன்னிதிகளும் படியின் அடியிலேயே இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தங்கினால் ரயில் நிலையமும் சைவ உணவகங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கும்.

உணவு பற்றி உங்கள் தாயாருக்காகக் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரிலிருந்து போகும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் சைவ உணவு தடையின்றிக் கிடைக்கும். பதிவு செய்யும்போதே சொல்லி வைக்க வேண்டும். மலேசியாவில் தோசையும் வாழையிலைச் சாப்பாடும் இல்லாத நகரமே இந்தப் பாதையில் இல்லை. எச்சரிக்கை ஒன்று மட்டும்: மலாய், சீனக் கடைகளில் காய்கறி உணவு என்று கொடுப்பதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கலாம். கறி உண்டா என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். பெலாச்சான் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

முழங்கால் வலிக்குக் கப்பல்தான் சுகம் என்ற எண்ணம் பாதிதான் சரி. மின்தூக்கியும் சக்கர நாற்காலியும் உண்டு; பெட்டியைச் சுமக்க வேண்டாம். ஆனால் இந்தக் கப்பல்கள் 300 மீட்டருக்கும் மேல் நீளமானவை. அறை முன்கோடியிலும் உணவுக்கூடம் பின்கோடியிலும் இருந்தால் நாளொன்றுக்கு நடப்பது கொஞ்சமல்ல. அதைவிட முக்கியம் புக்கெட். அங்கே பாத்தோங் விரிகுடாவில் பெரிய கப்பல்கள் கரையில் கட்டாமல் நங்கூரமிட்டு நிற்பது வழக்கம். சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அசையும் படகில் கால் வைத்து இறங்க உங்கள் தந்தையாரால் முடியாமல் போகலாம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி அந்தமான் கடலின் அந்தக் கரையைக் கொந்தளிக்க வைக்கும். நான் போன பயணத்தில் அலை அதிகம் என்று படகுகளை நிறுத்திவிட்டார்கள். எதிரே தெரிந்த கரையைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தோம். அப்படி ஒரு துறைமுகம் விடுபட்டால் துறைமுகக் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம். பயணக் கட்டணம் கிடைக்காது. பாதையை மாற்றும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். மலாக்கா நீரிணை இப்படியல்ல. சுமத்திராத் தீவு மறைப்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். விடியலில் திடீரென வீசும் சுமத்திராக் காற்று மட்டும் ஓரிரு மணி நேரம் மழையோடு ஆட்டிவிட்டுப் போகும்.

செலவு ஏறக்குறைய ஒன்று என்று நீங்கள் போட்ட கணக்கையும் மறுபடி பாருங்கள். விளம்பரத்தில் வரும் கப்பல் கட்டணம் ஓர் அறையில் இருவர் என்ற அடிப்படையில் தலைக்கு இவ்வளவு என்பது. ஐந்து பேருக்குப் பெரும்பாலும் இரண்டு அறைகள் வேண்டும். துறைமுகக் கட்டணமும், குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் வசூலிக்கும் சேவைக் கட்டணமும் தனி. இணைய இணைப்பு, குளிர்பானம், சில உணவகங்கள், கரைச் சுற்றுலா ஆகியவையும் சேரும். கப்பல் புறப்படுவதற்கு முன்பும் திரும்பிய பின்பும் சிங்கப்பூரில் தங்கும் இரவுகளை மறக்கக் கூடாது. அந்த நகரத்தில் அறை வாடகை மலேசியாவைவிடப் பல மடங்கு. தரைவழியில் மின்சார ரயிலின் சாதாரண வகுப்புக் கட்டணம் இந்தத் தூரங்களுக்கு ஆளுக்கு நூறு ரிங்கிட்டைத் தாண்டாது. செலவு கூடுவது வாடகைக் காரால்தான். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முதியவரோடு போகும் பயணத்தில் பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுவே.

காப்பீட்டை இரண்டு திட்டத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். கப்பலில் மருத்துவர் இருப்பார். கட்டணமும் அதிகமாக இருக்கும், அது உங்கள் அறைக் கணக்கில் ஏறும். நடுக்கடலில் நிலை மோசமானால் அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும், அல்லது பெரும் செலவில் ஹெலிகாப்டர் வர வேண்டும். தரையில், இந்தப் பாதையின் மூன்று நகரங்களிலும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும், 70 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களையும் காப்பீடு ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மனைவிக்குக் கப்பலில்தான் உண்மையான ஓய்வு கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள்; அதை நான் ஒதுக்கிவிடவில்லை. தரைவழிப் பயணத்தில் திட்டமிடும் சுமை யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. நம் குடும்பங்களில் அது யார் தலை என்பது தெரிந்ததே. அதற்கு நான் கண்ட வழி இதுதான்: மூன்று ஊர்களிலும் விடுதி, ரயில், கார் மூன்றையும் புறப்படும் முன்பே நீங்களே பதிவு செய்துவிடுங்கள், ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிற்பகலை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். பினாங்கில் கடலோர விடுதியாக எடுத்தால் உங்கள் மகனுக்கு நீச்சல் குளமும் கிடைக்கும்.

மலேசியப் பள்ளி விடுமுறைகளிலும் பண்டிகைகளையொட்டியும் மின்சார ரயில் இருக்கைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே விமானச் சீட்டு எடுத்த கையோடு ரயில் சீட்டுகளையும் எடுங்கள். நீங்கள் போகும் மே மாதத்தில் எந்த நாட்கள் விடுமுறை என்று பார்த்து, அவற்றைத் தவிர்த்துத் தேதி வையுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போகும் ரயில் பகல் வெளிச்சத்தில் போவதாக இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டிய ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. அங்கிருந்த தமிழர்கள் தங்களுக்குள் வழங்கிய பெயர் வேறு. துரையின் பெயரையோ, பக்கத்து ஆற்றையோ, ஒரு மரத்தையோ வைத்து அவர்கள் அழைத்த பெயர் வரைபடத்தில் இருக்காது. தாத்தா எழுதிய கடிதம், பழைய கடவுச்சீட்டு, பணம் அனுப்பிய ரசீது எதுவாக இருந்தாலும் தேடியெடுத்து ஆங்கிலப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாயால் சொன்ன பெயரை உங்கள் தந்தையாரிடமும் அத்தைமாரிடமும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். சுங்கை சிப்புட்டில் கோயில் வாசலிலோ தேநீர்க் கடையிலோ எழுபதைத் தாண்டியவர் ஒருவரிடம் அந்த இரண்டாவது பெயரைச் சொன்னால், அவர் கையை நீட்டி வழி காட்டக்கூடும்.